மாங்காய்ப் பூட்டும் மாஸ்டர் கோடும்

வத்தலக்குண்டு கடைவீதியில் அப்பா வைத்திருந்த இரும்புக் கடைக்குத் திண்டுக்கல்லிலிருந்து பூட்டுகள் வந்து இறங்கும் நாள் எனக்குத் திருவிழா. மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கி வரும் பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அதனதன் சாவியைப் போட்டு ஒருமுறை பூட்டித் திறந்து பார்த்து, சாவி மாறிவிடாமல் நூலால் கட்டி ஆணியில் மாட்டுவது பள்ளி விடுமுறையில் என் பொறுப்பு. எல்லாம் கையால் செய்த பூட்டுகள். ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. மாங்காய் மாதிரி இருப்பது மாங்காய்ப் பூட்டு, சதுரமாக இருப்பது சதுரப் பூட்டு, சாவியைத் திருப்பினால் உள்ளே கணீரென்று ஒலிப்பது மணிப் பூட்டு. இந்தக் கடைசி வகை வந்துவிட்டால் அன்றைக்கு வேலை நகராது. கடையில் ஆள் இல்லாத மத்தியான வேளையில் நான் அதைத் திருப்பித் திருப்பி மணியடித்துக்கொண்டே இருப்பேன், எதிர்ச்சாரி ஜவுளிக் கடைக்காரர் ‘என்னப்பா, கோயிலா கடையா?’ என்று குரல் கொடுப்பார், அப்பா சிரித்துக்கொண்டே கணக்கு எழுதுவார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு இது ஆறு லீவர், இது எட்டு லீவர் என்று சொல்லக்கூடிய பையன் என்று கடைவீதியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பின்னாளில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இல்லை.

அப்பா தனியாக எடுத்து வைத்து, விஷயம் தெரிந்து கேட்பவருக்கு மட்டும் காட்டுகிற பூட்டு ஒன்றும் உண்டு. அதற்கு இரண்டு சாவி. ஒன்று முதலாளிக்கு, மற்றது கணக்குப்பிள்ளைக்கு. அன்றாடம் கணக்குப்பிள்ளை தன் சாவியால் மண்டியைத் திறக்கலாம், பூட்டலாம். முதலாளி தன் சாவியைப் போட்டு ஒருமுறை பூட்டிவிட்டால் அதற்கப்புறம் கணக்குப்பிள்ளையின் சாவி உள்ளே சுற்றுமே தவிரத் திறக்காது. அப்பா அதைக் கல்லாவின் மேல் வைத்துச் செய்து காட்டும்போது அரிசி மண்டிக்காரர்களின் முகத்தில் வரும் நிம்மதியை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த நிம்மதியைத்தான் இன்று சென்னையில் வீடு வீடாகப் போய் வேறு பெயரில் பொருத்திக் கொடுக்கிறேன்: முதலாளி சாவிக்கு மாஸ்டர் கோட் என்று பெயர், கணக்குப்பிள்ளை சாவிக்கு யூசர் கோட் என்று பெயர். பித்தளைத் தகட்டை அரத்தால் ராவி ராவி ஆசாரி கொண்டுவந்த ஏற்பாட்டை, விரல்நகம் அளவு சில்லில் எழுதி வைத்துவிட்டார்கள். யோசனை பழைய யோசனைதான்.

எண் அடித்துக் கதவைத் திறக்கிற கீபேடைப் பொருத்துவது பெரிய வித்தை இல்லை, ஆனால் அழகான வேலை. பின்பக்கத்திலிருந்து ஒரு கற்றை ஒயர் வரும். சிவப்பும் கறுப்பும் 12 வோல்ட் மின்சாரத்துக்கு. ரிலேயிலிருந்து வரும் மூன்றில் ஒன்று பொது, ஒன்று எப்போதும் தொட்டுக்கொண்டிருப்பது, இன்னொன்று எப்போதும் விலகியிருப்பது. கதவின் தலைமாட்டில் நிற்கும் காந்தப் பூட்டுக்கு, தொட்டுக்கொண்டிருக்கும் ஒயர் வழியாக மின்சாரம் ஓடும். சாதாரண வீட்டுக்குப் போடுகிற காந்தமே 280 கிலோ இழுவையைத் தாங்கும். தோளைக் கொடுத்து மோதினாலும் அசையாத அந்தக் கதவு, சரியான எண்ணை அடித்ததும் ரிலே ‘டக்’கென்று விலகி மின்சாரம் அறுபட, ஒரு குழந்தையின் கைக்குத் திறந்துகொள்ளும். அந்த ‘டக்’ வரும் இடத்தில் இப்போதும் என் காது தானாகக் கூர்மையாகிறது. கடைவீதிப் பையன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

அப்புறம் எண்களைப் பதிவது. ஸ்டார் பொத்தானை அழுத்தி, மாஸ்டர் கோடின் ஆறு எண்ணையும் அடித்து, ஹேஷ் அழுத்தினால் விளக்கு மினுக்கத் தொடங்கும். பெட்டி நம் பேச்சைக் கேட்கத் தயார் என்று அர்த்தம். நான் அதிகம் பொருத்துகிற வகையில் 1 என்றால் ஆளைச் சேர்ப்பது, 2 என்றால் நீக்குவது, 4 என்றால் கதவு எத்தனை வினாடி விடுபட்டிருக்க வேண்டும் என்று சொல்வது, 0 என்றால் மாஸ்டர் கோடையே மாற்றுவது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது திறந்திருக்கும் நேரம் 5 வினாடி என்று இருக்கும். முட்டிவலியோடு சுவரைப் பிடித்து நடக்கும் பாட்டி வீட்டில் இருந்தால் அதை 10 ஆக்கிவிட்டுத்தான் நான் படியிறங்குவேன். ஆசாரியிடம் இதைக் கேட்டிருக்க முடியாது. இரும்புக்கு வயதானவர்களை அடையாளம் தெரியாது. புதுப் பொருளில் எனக்குப் பிடித்தது இந்த மாதிரிச் சின்னச் சின்ன கருணைகள்தான்.

மாஸ்டர் கோடை மாற்றச் சொல்லி நான் மன்றாடுவதை மட்டும் பல வீடுகளில் காதில் வாங்குவதில்லை. கம்பெனியிலிருந்து வரும்போது பல பெட்டிகளில் அது 123456 என்றுதான் இருக்கும், சிலவற்றில் 999999. கூடவே வருகிற தாளில் அச்சடித்தே இருக்கிறது. அதே வகைப் பெட்டி வாங்கிய ஊரிலுள்ள எல்லோருக்கும் அது தெரியும். யூசர் கோடுக்கு ஜோசியரிடம் நல்ல எண் கேட்டு வருகிறவர்கள், எல்லாக் கோடையும் அழித்து எழுதவல்ல மாஸ்டரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மண்டிக்காரர் தன் சாவியை வேட்டி மடிப்பில் முடிந்து, தூங்கும்போதும் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுத்தாரே, அந்த அக்கறை கண்ணால் பார்க்க முடியாத சாவிமேல் வருவதில்லை. தயவுசெய்து மாற்றுங்கள், வேலை ஒரு நிமிஷம்கூட ஆகாது.

சாவி கண்ணுக்குத் தெரிந்த பொருளாக இருந்த காலத்தில் அதற்கு இருப்பிடமும் இருந்தது. உங்கள் வீட்டில் எங்கே வைப்பார்கள்? எங்கள் தெருவில் நிலைப்படியின் மேல்விளிம்பு, மாடப்பிறை, துளசி மாடத்தின் பின்பக்கம், கோலமாவு டப்பாவின் அடி என்று வீட்டுக்கு ஓரிடம். இவையெல்லாம் ரகசியம் என்று ஒவ்வொரு வீட்டாரும் நம்பினார்கள். தெருவில் விளையாடுகிற எங்களுக்கு ஒவ்வொன்றும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுச் சாவிக்குப் பக்கத்து வீட்டு அத்தையின் கைதான் இடம். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவில் மாங்காய்ப் பூட்டு தொங்குவதைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமே வராது, சந்தோஷம்தான் வரும். ‘டேய், உங்கம்மா சந்தைக்குப் போயிருக்கா, சாவி இங்கதான் இருக்கு, கைகால் கழுவிட்டு வா’ என்று அத்தை திண்ணையிலிருந்து கூப்பிடுவாள். சாவியை உடனே கேட்டு வாங்குவது மரியாதை இல்லை. கேழ்வரகு அடையோ, முதல்நாள் குழம்பைச் சுண்ட வைத்துப் பிசைந்த சோறோ சாப்பிட்டு, அவள் பேரனோடு கொஞ்சம் சண்டை போட்டு, அவளுடைய வெற்றிலை உரலை இடித்துக் கொடுத்து, பொழுது சாயும் நேரத்தில் சாவியை மறந்தே போவேன், கடைசியில் அம்மாவே வந்து வாங்கிக்கொள்வாள்.

இன்று அதே வயதுப் பிள்ளைகள் பள்ளி வேனிலிருந்து இறங்கி, லிஃப்டில் ஏறி, பையைக்கூடக் கழற்றாமல் நான்கு எண் அடித்து உள்ளே போய்விடுகிறார்கள். அம்மா ஆபீஸில் இருந்தபடியே, பிள்ளை வந்துவிட்டதைக் கைபேசியில் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு இதில் குறை சொல்ல மனம் வரவில்லை. வேலைக்குப் போகிற தாய்க்கு அந்த ஒரு தகவல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வாடிக்கையாளர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டு அடுப்படியைப் பார்க்காமலேயே வளர்ந்துவிடும் என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. பூட்டிய கதவு எங்களை இன்னொரு வீட்டுக்குள் அனுப்பி வைத்தது. இப்போதைய கதவு யாரையும் வெளியே காக்க வைப்பதில்லை, ஆகையால் யாரையும் எங்கேயும் அனுப்புவதுமில்லை.

நான்கு எண் என்கிற வழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. ஷில்லாங்கில் 1925இல் பிறந்த ஜான் ஷெப்பர்ட்-பாரன் வடிவமைத்த பணம் தரும் இயந்திரத்தை, 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி திறந்து வைத்தது. தன் ராணுவ எண் நினைவில் இருந்ததால் ஆறு இலக்கம் வைக்கத்தான் அவர் முதலில் எண்ணினாராம். சமையலறை மேஜையில் மனைவி கரோலினிடம் கேட்டபோது, தனக்கு நான்குதான் நினைவிருக்கும் என்று அந்த அம்மாள் சொல்ல, நான்கே நிலைத்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஸ்டாரும் ஹேஷும் தொலைபேசியிலிருந்து வந்தவை: அமெரிக்காவில் 1963இல் வந்த பொத்தான் போனில் பத்துப் பொத்தான்தான், இவை இரண்டும் 1968இல் சேர்ந்தன. இன்று மயிலாப்பூர் மாமி கோலம் போட்டுவிட்டு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடிக்கிற எண்களுக்குப் பின்னால் ஏதோ ஓர் ஊர்ச் சமையலறைப் பேச்சு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அந்தக் கரோலின் அம்மாள்மேல் தனிப் பிரியம்.

நான்கு எண்ணில் 10,000 கோட் உண்டு. கேட்க நிறையத் தெரிகிறது. ஆனால் வருஷக்கணக்கில் மாற்றாத கீபேடைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள்: நான்கு பொத்தான்கள் மட்டும் பளபளத்து எழுத்து மங்கிக் கிடக்கும், மற்றவை வாங்கிய அன்றைக்குப் போலவே இருக்கும். அந்த நான்கையும் வெவ்வேறு வரிசையில் அடிக்க 24 வழிதான். வேண்டாதவன் ஒருவன் படியில் நின்று ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவான். வருஷத்துக்கு இரண்டு முறை, ஆயுதபூஜைக்கு ஒன்று, தமிழ் வருஷப் பிறப்புக்கு ஒன்று என்று கோடை மாற்றுங்கள் என்று நான் சொல்வதுண்டு. பூஜை நாளில் பூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்துத் துடைப்பது எங்கள் கடையில் இருந்த வழக்கம். கீபேடுக்கும் அன்று கவனிப்பு வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

யாருக்கு எந்த எண் என்று கேட்டுப் பதிகிற அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு குடும்பம் எனக்கு முழுசாகத் தெரிந்துவிடும். அம்பத்தூரில் ஒரு வீடு. ஒன்றாம் இடத்தில் யாரைச் சேர்க்கட்டும் என்று கேட்டேன். மகன் உடனே ‘அம்மா’ என்றான். மருமகள் தலையசைத்தாள். எனக்கு அந்தக் காட்சியின் பழைய வடிவம் நன்றாகத் தெரியும். இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு சரிகை பீரோவுக்கும் உக்கிராண அறைக்கும் நடுவில் நடக்கிற மாமியார், அது கைமாறும் நாளுக்காகக் காத்திருக்கிற மருமகள் என்று எங்கள் சொந்தத்திலேயே எத்தனையோ வீடுகள். அந்தக் கொத்தின் ஓசை கேட்டால் சமையலறையில் பேச்சு நின்றுவிடும். ஆனால் அம்பத்தூர் அம்மாள் கையை ஆட்டி மறுத்துவிட்டார். ‘அவளை ஒண்ணாம் நம்பராப் போடுங்க தம்பி. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிஞ்சு வர்றவ அவதான். எங்க மாமியார் போற வரைக்கும் அரிசிப் பானைச் சாவியைக்கூட என் கையில குடுக்கல.’ உண்மையில் ஒன்றாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் பெட்டியின் கணக்கில் எந்த வித்தியாசமும் இல்லை, இரண்டும் ஒரே மாதிரித்தான் கதவைத் திறக்கும். அதை நான் சொல்லவில்லை. அவர் கொடுத்தது பெரிய இடம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் அவருடைய கோட். பிறந்த வருஷம் வேண்டாம், கல்யாண நாள் வேண்டாம், வண்டி நம்பர் வேண்டவே வேண்டாம் என்று நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தவர், சீர்காழிப் பக்கத்தில் அவர் பிறந்த வீட்டில் இருந்த போன் நம்பரை வைக்கலாமா என்று கேட்டார். சிற்றூர் எக்ஸ்சேஞ்சின் நான்கு இலக்க நம்பர். வீடு கைமாறி, போனும் போய், அந்த எக்ஸ்சேஞ்சே மாறி எத்தனையோ காலமாகிறது. அதைவிடப் பத்திரமான எண்ணை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் ஒவ்வொரு பொத்தானாகத் தடவி அழுத்தினார்.

மின்சாரத்தை நம்பிய பூட்டுக்கு ஒரு குணம் உண்டு. இதைப் பொருத்துபவர்கள் வாங்குபவருக்கு விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும். காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்தது. தீப்பிடித்து மின்சாரம் அறுந்த கட்டடத்தில் உள்ளே இருப்பவன் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, தள்ளினால் கதவு திறக்க வேண்டும். ஆனால் சாதாரணமாகக் கரண்ட் போகும்போதெல்லாம் கதவு விட்டுவிடக் கூடாதே என்று கூடவே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று வைக்கிறோம். அது ஒரு காந்தத்தை அரை நாள் போல ஓட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் போனது அரை நாளோடு நிற்கவில்லையே. அடையாற்றுக்கு அருகில் ஓர் அடுக்ககத்தில் பேட்டரியும் தீர்ந்து வாசல் கதவு காற்றுக்கு ஆடிக்கொண்டிருக்க, மூன்றாம் மாடியிலிருந்த ஒரு பெரியவர் பரணிலிருந்து இரும்புச் சங்கிலியும் திண்டுக்கல் பூட்டும் எடுத்து வந்து கட்டினார். அதற்கு இருந்தது ஒரே சாவி. அத்தனை குடும்பமும் அந்த ஒரு சாவிக்காக அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அதுவரை லிஃப்டில் தலையாட்டிக்கொள்ளும் பழக்கம்தான் இருந்தவர்கள், மெழுகுவத்தியையும் பால்பவுடரையும் பகிர்ந்துகொண்டது அந்த வீட்டு வாசலில்தான் என்று பிறகு கீபேடைச் சரிசெய்யப் போனபோது சொன்னார்கள். வாடிக்கையாளர்களிடம் அதற்கப்புறம் நான் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: கையால் திறக்கிற பூட்டு ஒன்று கதவில் இருக்கட்டும், அதன் சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று நான் மிட்டாய் வாங்கி வீட்டில் கொடுத்தேன். ஆனால் அதற்கு வெகு முன்பே, அலிகாரிலிருந்து மெஷினில் அடித்த பூட்டுகள் மலிவாக வந்து குவிந்ததும் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. அப்பாவுக்குப் பூட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஆசாரியின் பிள்ளைகள் யாரும் அரத்தைக் கையில் எடுக்கவில்லை. இருப்பவர்கள் கோயில்களுக்கும் பழைய வீடுகளுக்கும் ஆர்டரின் பேரில் செய்கிறார்கள். மிகப் பெரிய பூட்டு ஒன்றின் உள்வேலையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு லீவரும் அதற்கு முந்தையதைப் பார்த்துப் பார்த்து ராவியது, ஆசாரியின் கண்ணைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. என் கீபேடின் சில்லைத் திறந்து காட்ட எதுவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கத் தயாராக இல்லை. போனது போனதுதான், அதற்கு ஈடு வரவில்லை.

ஆனால் வந்தவற்றில் மனதார வரவேற்கிற ஒன்றும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் கையில் சாவி கொடுக்கும் வழக்கம் எங்கள் காலத்தில் அனேகமாக இல்லை. வீட்டுக்காரர் வர நேரமானால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள், அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று தவித்துக்கொண்டு; அந்த வீட்டில் ஏச்சும் அவர்களுக்குத்தான். போன மாதம் வேளச்சேரியில் ஒரு வீட்டில், கணவனும் மனைவியும் தங்களுக்கு எண் வைத்துக்கொண்டதும், அங்கே வேலை செய்கிற அம்மாவுக்கும் ஒன்று வைக்கச் சொன்னார்கள். எங்கள் கோடையே சொல்லிவிடலாமே என்று மனைவி கேட்டார். வேண்டாம், அவருக்கென்று தனியாக இருக்கட்டும் என்றேன். காரணம் சொன்னதும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள்: அவரவர் கோட் அவரவருக்கு இருந்தால், நாளைக்கு எதையாவது காணோம் என்று ஒரு பேச்சு வந்தால், வீட்டின் எண்ணைத் தெரிந்துவைத்திருந்தவள் என்ற பழி அந்த அம்மாவின் தலையில் விழாது.

அவரைக் கூப்பிட்டு, ஸ்டார், மாஸ்டர், ஹேஷ் அடித்து, 1 அழுத்தி, இனி உங்கள் நம்பரை நீங்கள்தான் அடிக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது, என்னிடமும் கூடாது என்று சொல்லிவிட்டு விலகி நின்றேன். பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

‘எம் பொண்ணோட பரீட்சை நம்பரு வெச்சிக்கவா அண்ணா?’

‘என்ன நம்பர்னு சொல்லாதீங்கம்மா, அடிங்க.’

அடித்தார். கதவைச் சாத்தி, வெளியே நின்று அடிக்கச் சொன்னேன். பச்சை விளக்கு, ‘டக்’, கதவு திறந்தது. உள்ளே வந்தவர் மறுபடி வெளியே போய்ச் சாத்திக்கொண்டார். மறுபடி பச்சை. வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

‘இன்னொரு வாட்டி அடிச்சுப் பாக்கட்டா?’

‘எத்தனை வாட்டி வேணும்னாலும் அடிங்க. கெட்டுப்போகாது’ என்று சொல்லிவிட்டு, டிரில்லையும் மிச்சமிருந்த ஒயரையும் பையில் போட ஆரம்பித்தேன்.